விரல்களின் நினைவு யாருடைய சொத்து?

1

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இயங்கிய டிடிபி கடையில் சில வருடங்கள் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த நகரம் தருகிற வேலைகளில் அதுவும் ஒன்று. அங்கே பக்கம் கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு பேஜ்மேக்கரில் இருபது வருடப் பழக்கம். எழுத்தின் அளவை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுவதற்கு எந்த விசை என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். பதில் உடனே வரவில்லை. கையைக் கீபோர்டின் மேல் கொண்டுபோய், காற்றிலேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகுதான் சொன்னார். "வாயால கேட்டா வராது தம்பி, கைக்குத்தான் தெரியும்."

இன்னொரு சம்பவம். பழைய சிற்றிதழ்களின் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் ஒரு நண்பர் குழுவோடு கொஞ்சகாலம் இருந்தேன். லினக்ஸ் கணினி. கறுப்புத் திரையில் மூன்று மணி நேரமாக மாற்றம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த ஒரு வரியை எடுத்து நண்பருக்கு அனுப்பலாம் என்று தேர்ந்தெடுத்து, பழக்கத்தில் கண்ட்ரோல்-சி அழுத்தினேன். வரி நகலாகவில்லை. ஓடிக்கொண்டிருந்த வேலை செத்துப்போனது. பக்கத்திலிருந்த இளைஞர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது இங்க நகல் இல்ல தோழர், நிறுத்து."

ஒரே சைகை ஓரிடத்தில் 'எடுத்து வை' என்கிறது, பிறிதோரிடத்தில் 'கொன்றுபோடு' என்கிறது. கணினிப் பத்திரிகைகள் இதைப் 'பயன்பாட்டு எளிமை' என்ற தலைப்பில் போட்டு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஷார்ட்கட் வைத்துக்கொள்ளப் பத்து வழிகள் என்று முடித்துவிடும். வழிகள் வேண்டியவைதான், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஏன் இவை ஒரே மாதிரி இல்லை, சில ஏன் ஒரே மாதிரி ஆயின, யார் ஆக்கினார்கள், எந்த விரலின் செலவில் ஆக்கினார்கள் என்ற கேள்விகளை அங்கே யாரும் கேட்பதில்லை. விசைகள் ஏதோ இயற்கையாக முளைத்தவை போலப் பேசப்படுகின்றன. இந்த 'இயல்பு' கட்டப்பட்ட வரலாற்றைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

உடல், ஒழுங்கு என்றதும் நம்மவர்களுக்கு ஃபூக்கோ ஞாபகத்துக்கு வந்துவிடுவார். 1975-இல் வந்த அவருடைய நூலில் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படைவீரன் துப்பாக்கியைத் தூக்குகிற ஒவ்வோர் அசைவும் எப்படித் துண்டுதுண்டாக வகுக்கப்பட்டது என்று காட்டுகிறார். கீபோர்டையும் அப்படி வாசித்துவிடலாம், சுலபம். ஆனால் அக்காவின் கையில் இருப்பது வெறும் ஒழுக்கப்படுத்தல் அல்ல. அது அவருடைய தொழில். இருபது வருடம் உழைத்துச் சேர்த்த ஒரே மூலதனம் என்றும் சொல்லலாம். மென்பொருளை மாற்றும்போது முதலாளி எதை மாற்றுகிறார் என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

2

வெட்டு, ஒட்டு என்ற சொற்களைக் கணினியிடமிருந்து கற்றுக்கொண்ட தலைமுறை இது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அது கத்தரிக்கோலும் பசையும். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. 1960களின் இறுதியில், கலிஃபோர்னியாவில் மிட்-பெனின்சுலா ஃப்ரீ யூனிவர்சிட்டி என்றொரு மாற்றுப் பல்கலைக்கழகம் இயங்கியது. யார் வேண்டுமானாலும் கற்பிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதன் வெளியீடுகளுக்குத் தட்டச்சுத் தாள்களைக் கையால் வெட்டி ஒட்டி உதவிய தன்னார்வலர்களில் லாரி டெஸ்லர் என்ற நிரலாளரும் ஒருவர். இந்த வேலையைத் திரையிலேயே செய்ய முடிந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அங்கிருந்தே இருந்தது. எதிர்ப்பண்பாட்டின் ஒட்டுமேசையில் தொடங்கிய யோசனை எந்த வழியாக உலகச் சந்தைக்குப் போனது என்பதுதான் மீதிக் கதை.

1973-இல் டெஸ்லர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் சேர்ந்தார். ஜெராக்ஸுக்கு அப்போது ஜின் என்றொரு பாடநூல் பதிப்பகமும் சொந்தம், பாஸ்டன் பக்கம். பதிப்பகத்தின் வேலைக்குக் கணினி உதவுமா என்று பார்க்க டிம் மாட் என்பவர் வந்தார். ஆய்வு மையத்தில் ஏற்கெனவே பிராவோ என்ற எழுத்துத்தொகுப்பி இருந்தது, 1974-இல் உருவானது. திறமையானதுதான். ஆனால் அது முறைமைகளால் ஆனது: கட்டளை முறைமையில் இருக்கும்போது ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை, செருகு முறைமையில் இருக்கும்போது அதே எழுத்து வெறும் எழுத்து. பிராவோவைப் பற்றி ஒரு கதை உண்டு. எந்த முறைமையில் இருக்கிறோம் என்று மறந்துபோய் ஒருவர் 'எடிட்' என்று நான்கு எழுத்துகளைத் தட்டினால் என்ன ஆகும்? 'இ' முழுவதையும் தேர்ந்தெடுக்கும். 'டி' அதை அழிக்கும். 'ஐ' செருகு முறைமைக்குப் போகும். கடைசி எழுத்து மட்டும் திரையில் வந்து உட்காரும். ஒரு புத்தகம் போய், ஒரே ஓர் எழுத்து மிச்சம்.

மாட் செய்தது எளிய காரியம். ஜின்னின் பதிப்பாசிரியர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் பென்சிலாலும் கத்தரியாலும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். வெற்றுத் திரைக்கு முன்னால் ஒருவரை உட்காரவைத்து, இதில் உங்கள் கைப்பிரதி இருப்பதாக நினைத்துக்கொண்டு எப்படித் திருத்துவீர்கள் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். அப்படி உருவானதுதான் 1974-75-இல் மாட்டும் டெஸ்லரும் எழுதிய ஜிப்ஸி. முதலில் வேண்டியதைத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல். வெட்டு, நகலெடு, ஒட்டு. எழுத்தைத் தட்டினால் எழுத்துதான் வரும், எப்போதும். முறைமை கூடாது என்பது டெஸ்லருக்கு ஒரு கொள்கையாகவே ஆகிப்போனது. தன் காரின் எண்பலகையில்கூட 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டார். 2020 பிப்ரவரியில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவரை 'வெட்டு-ஒட்டைக் கண்டுபிடித்தவர்' என்று எழுதின. அந்த வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கையசைத்துச் சொன்ன பதிப்பாசிரியர்களுக்கு அந்தக் கதையில் பெயர் கிடையாது. கண்டுபிடிப்பு என்று எதைச் சொல்கிறோம்? பிழைதிருத்துபவனின் மேசையில் இருந்ததை இன்னொருவர் எடுத்து விசைக்குள் வைத்தார். குறை சொல்லவில்லை. கேட்டு வைத்தாரே, அதுவே பெரிது. ஆனால் கைமாறியது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1980-இல் டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார். 1983 ஜனவரியில் வந்த லிசா கணினியில், ஆப்பிள் விசையோடு இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு எழுத்துகள் இப்போதைய பொருளில் நிலைபெற்றன. சி நகலின் ஆங்கில முதலெழுத்து. எக்ஸ் அடித்துத் திருத்துகிற குறி. வி? பிழைதிருத்துநர்கள் விட்டுப்போன சொல்லைச் செருகப் போடுகிற கூரைக்குறி இருக்கிறதே, அதன் தலைகீழ் வடிவம். (இதைப் படித்த அன்று என் சிவப்புப் பேனாவை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.) இசட் அவற்றின் பக்கத்து வீடு. நான்கும் கீழ்வரிசையில் இடக்கை எல்லைக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. வலக்கை சுட்டியில் இருக்க, இடக்கை வெட்டும், ஒட்டும். அடுத்த ஆண்டு மேக்கின்டாஷ் வந்தது. மெனு முழுக்க ஆப்பிள் படமாக இருக்கிறதே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் எரிச்சல்பட, ஸ்காண்டிநேவியச் சாலைகளில் 'பார்க்கத்தக்க இடம்' என்று காட்டும் முடிச்சுக் குறியைச் சூசன் கேர் எடுத்து அந்த விசைக்குச் சூட்டினார்.

அடுத்தடுத்து என்றேன். யாருக்கு அடுத்தடுத்து? அமெரிக்கக் கீபோர்டில். ஜெர்மன் கீபோர்டில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கின்றன, 'செய்ததை விடு' என்பதற்கு விரல் மேல்வரிசைக்கு ஏற வேண்டும். பிரெஞ்சிலும் இசட் மேல்வரிசைதான். விரலுக்கு இதமானது என்று சொல்லப்படும் ஓர் ஏற்பாடு ஒரு நாட்டின் எழுத்துவரிசைக்குள்தான் இதமாக இருக்கிறது. எல்லைக்கு வெளியே அதன் எழுத்து மிஞ்சுகிறது, இதம் போய்விடுகிறது.

3

அந்தக் காலத்து ஐபிஎம் வகைக் கணினிகளின் நிலைமை வேறு. ஒவ்வொரு நிரலும் ஒரு குறுநிலம். 1978-இல் வந்த வேர்ட்ஸ்டாரில் எஸ், இ, டி, எக்ஸ் நான்கையும் வைரவடிவில் கொண்டு கர்சரை நகர்த்த வேண்டும், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு. வேர்ட்பெர்ஃபெக்டில் உதவி எஃப்3, வெளியேற எஃப்7. யாருக்கும் ஞாபகம் நிற்காது என்பதால் எஃப் விசைகளின் ஓரத்தில் வைத்துக்கொள்ள ஒரு அட்டையையே நிறுவனம் கொடுத்தது. 1987-இல் ஐபிஎம் இந்தக் குறுநிலங்களை எல்லாம் ஒரு குடைக்கீழ் கொண்டுவரப் பொதுப் பயனர் அணுகல் என்ற விதிமுறையை வெளியிட்டது. எஃப்1 என்றால் உதவி. ஷிஃப்ட்-டெலீட் வெட்டு, கண்ட்ரோல்-இன்சர்ட் நகல், ஷிஃப்ட்-இன்சர்ட் ஒட்டு. பெருங்கணினி முதல் மேசைக்கணினி வரை ஒரே கை, ஒரே பழக்கம். விண்டோஸ் இதைத்தான் பின்பற்றியது. பிறகு 1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஆப்பிளின் நான்கு எழுத்துகளையும் கண்ட்ரோலோடு சேர்த்துக்கொண்டது. இன்றும் பல விண்டோஸ் நிரல்களில் ஷிஃப்ட்-இன்சர்ட் அழுத்தினால் ஒட்டும். தோற்ற அரசின் நாணயம் கிராமத்துச் சந்தையில் இன்னும் செல்லுபடியாவது மாதிரி.

மைக்ரோசாஃப்ட் தன் திரைத் தோற்றத்தைத் திருடிவிட்டது என்று ஆப்பிள் 1988-இலேயே வழக்குப் போட்டிருந்தது, தோற்றது. ஆனால் நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது இன்னொரு வழக்கு.

4

1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல்தான் அந்த நாளில் அலுவலகங்களில் கணினி நுழைந்ததற்குக் காரணம். சாய்கோட்டு விசையை அழுத்தினால் மெனு வரும். பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் முதலெழுத்து. சாய்கோடு, எஃப், எஸ்: கோப்பைச் சேமி. 50-க்கும் மேற்பட்ட மெனுக்களில் 469 கட்டளைகள். கணக்கர்கள் இவற்றைப் படித்து நினைவில் வைக்கவில்லை, விரல் பாடம் செய்துகொண்டது. அதோடு, அடிக்கடி செய்கிற வேலைகளுக்கு இதே எழுத்துகளைக் கோத்து மேக்ரோக்கள் எழுதி வைத்துக்கொண்டார்கள். லோட்டஸ் கொடுத்தது மெனு மட்டுமே. மேக்ரோக்கள் கணக்கர்களுடைய சொந்த உழைப்பு.

போர்லாண்ட் நிறுவனம் குவாட்ரோ ப்ரோ என்ற போட்டி நிரலைக் கொண்டுவந்தபோது, லோட்டஸ் பழக்கமுள்ளவர்கள் தங்கள் விரல்களையும் மேக்ரோக்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு வர ஒரு வழி வைத்தது. நிரலின் உள்வரிகளில் ஒன்றைக்கூடத் திருடவில்லை. கட்டளைகளின் பெயரும் வரிசையும் மட்டும்தான் ஒன்று. 1990-இல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. கேம்பிரிட்ஜ் நகரில் லோட்டஸ் தலைமையகத்துக்கு முன்னால் அதே ஆண்டு நிரலாளர்கள் ஊர்வலம் போனார்கள், ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றவர்கள் முன்னின்றார்கள். கோஷத்தின் எண்களைக்கூட அவர்கள் 16 அடிமான முறையில் எண்ணினார்களாம். நம்மூர் ஊர்வலங்களில் இதற்கெல்லாம் இடமில்லை.

மாவட்ட நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் 1995 மார்ச்சில் தீர்ப்பு புரண்டது. மெனு என்பது எழுதப்பட்ட படைப்பல்ல, ஒரு கருவியை இயக்கும் முறை என்றது நீதிமன்றம். வீடியோ பிளேயரின் பொத்தான்களுக்கு யாராவது காப்புரிமை கேட்பார்களா? நீதிபதிகளில் ஒருவரான மைக்கேல் பூடின் தனிக் கருத்தில் ஒன்று சொன்னார், எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. மெனுவைக் கற்றுக்கொள்ள உழைத்தவர்கள் பயனர்கள். அந்த உழைப்பின் பலனை லோட்டஸ் பூட்டிவைத்தால் அவர்கள் லோட்டஸின் கைதிகள் ஆகிவிடுவார்கள். கீபோர்டு செய்யும் ஏகபோகம் ஒருவனிடம் இருந்தால், தட்டச்சு கற்றவள் அவனிடம் எப்படிச் சிறைப்படுவாளோ அப்படி. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, 1996 ஜனவரியில் நாலுக்கு நாலு என்று பிரிந்து, கீழ்த் தீர்ப்பு நின்றது. அதற்குள் லோட்டஸையே ஐபிஎம் வாங்கிவிட்டிருந்தது, சந்தையை எக்செல் வாங்கிவிட்டிருந்தது. எக்செலில் இன்றும் சாய்கோட்டு விசையை அழுத்திப் பாருங்கள், மெனு விழித்துக்கொள்ளும். லோட்டஸ் கைகளை வரவேற்க வைத்த வாசல்.

இது தொழிலாளியின் வெற்றி என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு மூலதனங்களின் சண்டை, பயனரின் பெயரால் நடந்தது. போர்லாண்டுக்குக் கணக்கர்மேல் பாசம் ஒன்றும் இல்லை, லோட்டஸின் சந்தைதான் தேவை. ஆனாலும் விரலில் சேர்ந்த நினைவு நிறுவனத்தின் சொத்து அல்ல என்று ஒரு சட்டப் பதிவு இதன் வழியாகத்தான் கிடைத்தது. தோழர்கள் பலர் காப்புரிமை என்றால் புத்தகம், பாட்டு, விதை வரை யோசித்திருக்கிறார்கள். பழக்கத்தின்மேல் காப்புரிமை கேட்கப்பட்டது, கிட்டத்தட்டக் கொடுக்கப்பட்டது என்பது நம் விவாதங்களில் வந்ததே இல்லை.

5

இனி என் மூன்று மணி நேர வேலையைக் கொன்ற கண்ட்ரோல்-சி.

அதன் வம்சம் வேறு. 1963-இல் வந்த ஆஸ்கி எழுத்துப் பட்டியலில் முதல் 32 இடங்கள் எழுத்துகளுக்கு அல்ல, தொலைத்தட்டச்சு எந்திரத்துக்கான சைகைகளுக்கு. கண்ட்ரோலோடு ஓர் எழுத்தை அழுத்தினால் அகரவரிசையில் அதன் எண் போகும். ஜி ஏழாம் எழுத்து: மறுமுனையில் நிஜமாகவே மணி அடிக்கும். எச் எட்டு: ஓர் இடம் பின்னால் போ. சி மூன்று: உரை முடிந்தது. அந்த மூன்றாம் குறியே பின்னர் 'ஓடுவதை நிறுத்து' ஆனது, யுனிக்ஸின் கறுப்புத் திரையிலும் குடியேறியது. அதே திரையில் இசட் என்றால் வேலையைத் தூங்கவை. ஆக, யுனிக்ஸ் கண்ட்ரோல்-சியைத் தப்பாக வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் மூத்தது. பின்னால் வந்த விண்டோஸ், ஆப்பிளின் தனி விசை தன் கீபோர்டில் இல்லாததால், கண்ட்ரோலின் மேலேயே நகலையும் ஏற்றியது. ஆப்பிளில் இந்த மோதல் இல்லை, கமாண்ட் வேறு கண்ட்ரோல் வேறு. கறுப்புத் திரையிலும் கமாண்ட்-சி நகல்தான். லினக்ஸ்காரர்கள் சமரசமாக ஷிஃப்டையும் சேர்த்து கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி என்றார்கள். அதே மூன்றையும் பழக்கத்தில் இணைய உலாவியில் அழுத்தினால் பக்கத்தின் குடலை உருவிக் காட்டும் நிரலாளர் பலகை திறக்கிறது. ஒரு மோதலைத் தீர்க்க இன்னொன்று.

எழுத்தைவிட முக்கியம், அதை எந்த விரல் செய்கிறது என்பது. 1976-இல் எம்ஐடியில் உருவான ஈமாக்ஸ் நிரலின் கட்டளைகள் கண்ட்ரோலால் நிரம்பியவை. அதே ஆய்வகச் சூழலில் வந்த ஸ்பேஸ்-காடெட் கீபோர்டில் கண்ட்ரோல் இடைவெளிப் பட்டைக்கு அடுத்து இருந்தது, கட்டைவிரலுக்கு. 1981-இன் ஐபிஎம் பிசியில் அது 'ஏ' எழுத்துக்கு இடப்புறம் இருந்தது, விரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும். 1980களின் நடுவில் ஐபிஎம் தன் கீபோர்டை மாற்றியமைத்தபோது அந்த இடத்தைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்து, கண்ட்ரோலைக் கீழ் மூலைக்குத் தள்ளியது. உலகம் அதையே நகலெடுத்தது. நாள் முழுக்க அழுத்தும் விசை மூலையில், மாதத்துக்கு ஒருமுறை அழுத்தும் விசை நடுவீட்டில். கையிலேயே பலவீனமான சுண்டுவிரல், மணிக்கட்டை வெளிப்பக்கம் வளைத்துக்கொண்டு அதை எட்ட வேண்டும். ஆப்பிளில் அதே நகலைக் கட்டைவிரல் செய்கிறது. எழுத்து ஒன்று, வலி வேறு. 'ஒரே ஷார்ட்கட்' என்பவர்கள் எழுத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

வலி என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் தட்டச்சர்கள், தொலைபேசிப் பணியாளர்கள், தரவு உள்ளிடுபவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், கை மணிக்கட்டு வலியால் வேலை செய்ய முடியவில்லை என்றார்கள். திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயம் என்று அதற்குப் பெயர். மருத்துவர்களில் ஒரு பகுதியினர் இது கையில் இல்லை, மனத்தில் என்று எழுதினார்கள். 'கங்காரு பாதம்' என்று கேலிப்பெயரும் வைத்தார்கள். உழைக்கும் பெண்ணின் வலியை நரம்புக் கோளாறு என்பது பழைய சொல்லாடல்தான், கீபோர்டுக்கு முன்னால் புதிதாக வந்து உட்கார்ந்தது. அமெரிக்காவில் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பு பத்து வருடப் போராட்டத்துக்குப் பின் 2000 நவம்பரில் இத்தகைய காயங்களுக்கு எதிரான விதியைக் கொண்டுவந்தது. 2001 மார்ச்சில் காங்கிரஸ் அதை ரத்து செய்தது, புஷ் கையெழுத்துப் போட்டார். விதியின் ஆயுள் சில மாதங்கள்.

எனக்கு இடது சுண்டுவிரலிலிருந்து முழங்கை வரை ஓர் இழுப்பு உண்டு. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொண்ட பிறகு குறைந்திருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் அமைப்புக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது, விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டும் அல்லது தனி நிரல் போட வேண்டும். இரவல் கணினியில் உட்கார்ந்தால் நான் கத்துகிறேன், அதாவது எல்லாம் பெரிய எழுத்தில் வருகிறது.

6

தமிழ் ஆர்வலர்கள் சிலர், கட்டளைகளும் ஏன் தமிழில் இருக்கக்கூடாது, நகலுக்கு 'ந' வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து ஜூனில் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். உண்மையில் அது விரலை நினைத்துச் செய்யப்பட்ட பலகை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. பழைய தட்டச்சுப் பழக்கமுள்ள அக்கா அதைத் தொடமாட்டார், அது வேறு. தமிழ்99-இல் இசட் இருக்கும் இடத்தில் ஔ, எக்ஸில் ஓ, சியில் ஒ, வியில் வ. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு 'ஒ'வைத் தொட்டால் நகல், 'வ'வைத் தொட்டால் ஒட்டு. விரலுக்கு மொழி தெரிவதில்லை, இடம்தான் தெரியும். ஆங்கிலத்துக்கே ட்வோராக் என்ற மாற்று வரிசையில் தட்டுபவர்களுக்காக ஆப்பிள் ஓர் அமைப்பு வைத்திருக்கிறது: கமாண்ட் விசையை அழுத்தியிருக்கும் வரை மட்டும் பலகை பழைய வரிசைக்குத் திரும்பிவிடும்.

மொழிக்கேற்ப மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்பானிய மொழி வேர்டில் சேமிக்க கண்ட்ரோல்-ஜி, ஏனெனில் ஸ்பானியச் சொல் 'குவார்தார்'. கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் அடிக்கோடு விழும். மத்ரித்தில் வேர்டில் பழகியவர் வேறொரு நிரலுக்குள் போனதும் சேமிப்பதாக நினைத்து வேறெதையோ செய்துகொண்டிருப்பார். ஆனால் எக்ஸ், சி, வி மூன்றும் ஸ்பானியத்திலும் அப்படியேதான். அவற்றை மாற்ற அவர்களுக்கும் துணிவு வரவில்லை. என் மொழிப்பற்றைச் சந்தேகிக்காதீர்கள், 'ந' வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு. கட்டளையின் பெயர் தமிழில் இருக்கட்டும், இடத்தைக் கைகளுக்கு விட்டுவிடுங்கள்.

7

பேஜ்மேக்கரை உருவாக்கிய ஆல்டஸை 1994-இல் அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0-தான் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆனாலும் தமிழ்ப் புத்தகங்கள் வெகுகாலம் அதில்தான் வந்தன, காரணம் அக்கா மாதிரியானவர்களின் கை. கடைசியில் திருவல்லிக்கேணிக் கடையிலும் இன்டிசைன் போட்ட ஒரு புதுக் கணினி வந்தது. முதல் வாரம் அக்கா தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தார், பாதிப் பக்கம்தான் முடிந்தது. உரிமையாளர் பக்கக் கணக்கில்தான் கூலி கொடுப்பார். அந்த வாரக் கூலி பாதியானது. முப்பது வயதுக்குள் இருந்திருந்தால் அழுதிருப்பேன் என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

இன்டிசைனுக்குள், விசைகளுக்கான பட்டியலில், 'பேஜ்மேக்கர் 7.0' என்று ஒரு தொகுப்பும் 'குவார்க்எக்ஸ்பிரஸ் 4.0' என்று இன்னொன்றும் இருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். தான் மூடிய நிரலின் விரல்களையும் போட்டியாளரின் விரல்களையும் அடோபி உள்ளே வைத்திருக்கிறது. போர்லாண்ட் வழக்கில் நின்று செய்ததை இங்கே ஒரு மெனுவில் சத்தமில்லாமல் செய்திருக்கிறார்கள். பேஜ்மேக்கர் தொகுப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அக்கா கையை வைத்தார், காற்றில் அல்ல. பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு டீ சொன்னார்.

மாலை ஷிஃப்டுக்கு வந்த பெண் இன்டிசைனிலேயே படித்து வந்தவள். ஆறரை மணிக்கு எனக்குப் போன். "அண்ணா, யாரு இத மாத்தினது? ஒண்ணுமே வேலை செய்யல." இருவருக்கும் ஒரு வாரம் முறைப்பு. உரிமையாளர், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், யாருடையது என்று எனக்குக் கவலையில்லை என்றார். அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் வேலை அந்தப் பட்டியலைத் திறந்து தன் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது, நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொள்வது மாதிரி. அந்தக் கடை நாற்காலியில் உயரத்தைச் சரிசெய்ய முடியாது, அது பிளாஸ்டிக் நாற்காலி.